கைதட்டல் ஏன் எடுபடவில்லை என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, திருப்பூரிலிருந்து மொரிசியஸுக்குத் தையல் ஆலை லைன் சூப்பர்வைசராக வந்த சூட்டோடு ‘இந்த மாதத்தின் சிறந்த டெய்லர்’ என்று ஒரு அம்மாவின் போட்டோவைச் சுவரில் மாட்டி, எல்லோரையும் நிற்கவைத்துக் கைதட்டச் சொல்லியிருக்கிறாய். மறுநாளே அந்த அம்மா போட்டோவைக் கழற்றச் சொல்லிவிட்டார். ஷிஃப்ட் முடிந்தால் ஒருவரும் நிற்பதில்லை, இவர்களை எப்படித்தான் உற்சாகப்படுத்துவது என்று கேட்கிறாய்.

உன் எண்ணம் நல்ல எண்ணம், அதைக் கைவிடாதே. ஆனால் உன் லைனில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று முதலில் தெரிந்துகொள். உள்ளூர்ப் பெண்கள் பலர் ஐம்பதைத் தொட்டவர்கள். 1970இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்தபிறகு இங்கே தையல் ஆலைகள் பெருகின. கரும்புத் தோட்டத்தை நம்பியிருந்த வீடுகளிலிருந்து பெண்கள் வேலைக்கு வந்தார்கள். எந்த நாடு எவ்வளவு துணி அனுப்பலாம் என்று வரம்பு வைத்திருந்த உலக ஜவுளி ஒதுக்கீட்டு முறை 2005 தொடக்கத்தில் முடிந்ததும் ஆலைகள் பல மூடின. மேடையில் புகழ்ந்து பேசிய நிர்வாகம் பிறகு கேட்டைப் பூட்டியதைப் பார்த்தவர்கள் இவர்கள். சுவரில் ஒட்டிய போட்டோவுக்கு அவர்கள் மயங்க மாட்டார்கள். அதோடு, லைன் என்றால் ஒருவர் தைத்ததை வாங்கி அடுத்தவர் தைப்பது. அதில் ஒருவரை மட்டும் தூக்கி நிறுத்தினால், மத்தியானம் அவர் யாரோடு சேர்ந்து சாப்பிடுவார்?

எங்கள் லைனில் காலர் தைக்கும் ஒரு அம்மா இருந்தார். ஒருநாள் அவர் தைத்த சட்டை ஒன்றை செக்கிங் டேபிளிலிருந்து எடுத்துக்கொண்டு அவர் மிஷினுக்கே போனேன். காலரின் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்தேன், நூலிழை வித்தியாசமில்லை. “காலையிலிருந்து உங்கள் காலர் ஒன்றுகூடத் திருத்தித் தைக்கத் திரும்பி வரவில்லை, மெர்ஸி” என்று இங்கத்து வழக்கப்படி நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். ஆனால் டீ நேரத்தில் பக்கத்து மிஷின் பெண்ணைக் கூப்பிட்டு, முனையில் நூலைக் கொடுத்து இழுத்துத் திருப்பும் விதத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். அவரை அப்படிச் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ‘சூப்பர், நல்லா பண்றீங்க’ என்று பொதுவாகச் சொல்வதை யாரும் காதில் வாங்க மாட்டார்கள். எந்த வேலை, அதனால் என்ன மிச்சமானது என்று சொல், அன்றைக்கே சொல்.

காலையில் உள்ளே நுழைந்ததும் நேராக டார்கெட் போர்டுக்குப் போகாதே. ஒவ்வொருவருக்கும் ‘போன்ஸூர்’ என்று காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போ. இங்கே அதை விட்டால் திமிர் பிடித்தவன் என்றுதான் நினைப்பார்கள். இங்கே எல்லோரும் பேசும் கிரியோல் மொழியைச் சீக்கிரம் பிடித்துக்கொள். சிலருக்குப் பெயர் தமிழாக இருக்கும், பேச்சு கிரியோலாக இருக்கும்; அவர்களிடம் தமிழில் குசுகுசுவென்று பேசினால் மற்றவர்கள் ஒதுங்குவார்கள்.

வருஷக் கடைசி போனஸை உன் கருணை போலப் பேசிவிடாதே. வருஷ சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு அவர்களுக்குச் சட்டப்படி சேர வேண்டியது. அதில் 75 சதவீதம் கிறிஸ்துமஸுக்கு முன்பே கைக்கு வந்தாக வேண்டும். நம்மூர் தீபாவளி போனஸ் போலத்தான், ‘நன்றியாக இருங்கள்’ என்று அதற்கு மேல் ஒரு பேச்சு வேண்டாம்.

நேரத்துக்குக் கிளம்புவதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ளாதே. ஊர்ப்பக்கம் போகும் பஸ்கள் மாலையிலேயே குறைந்துவிடும். ஓவர்டைம் வேண்டுமென்றால் முந்தின நாளே கேள், திரும்பிப் போக வண்டி உண்டா என்பதையும் உறுதி செய்துவிட்டுக் கேள். அதுவும் ஒரு மரியாதைதான். சிவராத்திரிக்கு கங்கா தலாவ் என்ற புனித ஏரியை நோக்கி நடந்து போகிறவர்கள் உண்டு, தைப்பூசக் காவடிக்கு விரதம் இருப்பவர்கள் உண்டு. இரண்டுமே இங்கே அரசு விடுமுறை. அதற்கு முன்னும் பின்னும் ஒரு நாள் லீவு கேட்டால் முகம் சுளிக்காமல் கொடு.

நீ கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், எனக்கு இது ரொம்ப முக்கியம். பங்களாதேஷ், மடகாஸ்கர் பிள்ளைகள் ஒப்பந்தத்தில் வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை செய்கிறார்கள். பாராட்டு என்று வரும்போது அவர்களைத்தான் எல்லோரும் மறப்பார்கள், அவசர ஆர்டர் என்றால் அவர்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். அப்படிச் செய்யாதே. அவர்கள் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகு, தையல் நன்றாக இருந்தால் அவர்கள் மிஷினுக்கும் நடந்து போ. ரம்ஜான் ஈத் இங்கே பொது விடுமுறை. பிறை தெரிந்தபிறகுதான் நாள் உறுதியாகும். அதனால் ஷிப்மென்ட் தேதி போடும்போதே அந்த வாரத்தில் ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்கிவை. கடைசி ராத்திரியில் ஹாஸ்டல் வாசலில் போய் நின்று, நாளைக்கு வேலைக்கு வா என்று கேட்கும்படி வைத்துக்கொள்ளாதே.