1735க்குப் பிறகு ஸ்பாட்சில்வேனியாவில் காணாமல் போன குடியேறி

நீங்கள் தேடும் குடியேறி ஊரை விட்டுப் போயிருக்க வேண்டியதில்லை, கவுன்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) எல்லைதான் மாறியிருக்கும். ராபிடான் ஆற்றின் வடகரையில் 1728ல் பட்டா பெற்றவர் 1735க்குப் பிறகு ஸ்பாட்சில்வேனியா கவுன்டியின் பத்திரங்களில் இல்லை என்கிறீர்கள். 1734ல் அந்தப் பக்கத்தைப் பிரித்துத்தான் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஆரஞ்சு கவுன்டியை அமைத்தார்கள். 1749ல் வடகரை கல்பெப்பர் கவுன்டியானது. ஒரே வீட்டில் இருந்தபடியே மூன்று கவுன்டி நீதிமன்றங்களுக்கு உட்பட்டிருப்பார்.

முதலில் ஆரஞ்சு நீதிமன்றத்தின் உத்தரவுப் புத்தகங்களை, அதாவது நீதிமன்ற நடவடிக்கைகளைக் குறித்துவைத்த பதிவேடுகளைப் பாருங்கள். சாதாரண மனிதர் பத்திரத்தைவிட அதில்தான் அதிகம் தென்படுவார்: கடன் வழக்கு, சாட்சி, சாலை பராமரிக்கும் பொறுப்பு. அப்புறம் அந்த நிலத்தை விற்ற பத்திரம். கணவரின் நிலத்தில் தனக்கிருந்த பங்குரிமையை மனைவி விட்டுக்கொடுத்த குறிப்பு இருந்தால் அந்த மனைவியின் பெயரும் கிடைத்துவிடும், அந்தக் காலப் பெண்களின் பெயர் கிடைப்பதே பெரிய விஷயம். பெயரை மட்டும் நம்பாமல், 'ஆற்றங்கரை வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி' என்பது போன்ற எல்லை வரியையும் பக்கத்து நிலக்காரரையும் பழைய பட்டாவோடு ஒப்பிடுங்கள்.

தேதியில் கவனம் தேவை. 1752க்கு முன் அங்கே ஆண்டு மார்ச் 25ல்தான் தொடங்கியது. 'பிப்ரவரி 1734' என்றிருந்தால் நம் கணக்கில் 1735. 'ஜூனியர்' என்பதையும் மகன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே பெயரில் இருவர் இருந்தால், உறவே இல்லாவிட்டாலும் இளையவருக்கு அப்படிப் போடுவார்கள்.