கடலோர இரும்பும் துருவும்: கேள்வி பதில்

மதுரையில் குடியிருந்துகொண்டு இராமேசுவரம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி ஆகிய ஊர்களில் வீடோ கடையோ வைத்திருப்பவர்கள் பலர், தங்கள் கேட்டும் கிரில்லும் துருப்பிடிப்பதைப் பற்றித் தொடர்ந்து கேட்டு வருகிறார்கள். இரும்பு வேலைகளுக்குப் பாதுகாப்புப் பூச்சுச் செய்வது என் தொழில். வந்த கேள்விகளில் என் துறைக்குள் அடங்குபவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கீழக்கரை வீட்டு கேட்டுக்கு ஆண்டுதோறும் ரெட் ஆக்சைடும் எனாமலும் அடிக்கிறோம். எட்டு மாதத்தில் துரு வெளியே வந்துவிடுகிறது. பெயிண்ட் கலப்படமா? (அண்ணா நகர் வாசகர்)

பெயிண்டைக் குறை சொல்வதற்கு முன்னால், அது எதன்மேல் பூசப்பட்டது என்று பாருங்கள். இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் போதும். ஆனால், கடற்காற்று கொண்டுவரும் உப்பு அந்த வேலையைப் பல மடங்கு விரைவாக்குகிறது. சோற்றுப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்போடு சேர்ந்து வரும் மெக்னீசியம் குளோரைடுக்கு ஏறத்தாழ 33 விழுக்காடே போதும். ஆகவே மழையே பெய்யாத மாதத்திலும், நம் கண்ணுக்குக் காய்ந்ததாகத் தெரியும் கேட்டின்மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் ஒன்று நாளில் பல மணி நேரம் இருந்துகொண்டே இருக்கிறது. உப்பில் உள்ள குளோரைடு துருவின் அடியில் உள்ள குழிகளுக்குள் புகுந்து தங்கிவிடும். அதன்மேல் நீங்கள் பெயிண்ட் அடித்தால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டியதாகவே ஆகும். பெயிண்ட் படலம் ஈரத்தை முற்றாகத் தடுப்பதில்லை. உள்ளே இருக்கும் உப்பு வெளியிலிருந்து நீரை இழுக்கும். முதலில் கொப்புளம் எழும், பிறகு துரு வரும்.

எனவே வேலை தொடங்கும் முறையை மாற்றுங்கள். கம்பி பிரஷ்ஷை எடுப்பதற்கு முன்னால், நல்ல தண்ணீரில் சிறிது சோப்புக் கரைத்து கேட்டை முழுதும் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு உதிரும் துருவையும் உரியும் பெயிண்டையும் சுரண்டி எடுத்துவிட்டு, இரண்டாம் முறை தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். துருவுக்கு அடியில் இருந்த உப்பு அந்த இரண்டாம் கழுவலில்தான் வெளியேறும். காய்ந்த பிறகு ஓர் இரவு அப்படியே விட்டுவைத்துக் காலையில் பாருங்கள். சுத்தம் செய்த இடத்தில் பழுப்புநிறத் துளிகள் முத்து முத்தாக நின்றால் உப்பு இன்னும் இருக்கிறது என்று பொருள். மீண்டும் கழுவித்தான் ஆக வேண்டும்.

பூச்சு வரிசையையும் மாற்ற வேண்டும். ரெட் ஆக்சைடில் இருக்கும் செந்நிறப் பொடி துருவைத் தடுக்கும் பொருள் அன்று. உள்நாட்டில் அது ஓரளவு தாங்கும், கடலோரத்தில் தாங்காது. துத்தநாகம் நிறைந்த எப்பாக்சி (இரு பாகங்களைக் கலந்து பூசும் பிசின் பெயிண்ட்) பிரைமர், அதாவது அடிப்பூச்சு, அதன்மேல் எப்பாக்சி இடைப்பூச்சு, வெயிலைத் தாங்குவதற்காக மேலே பாலியூரித்தேன் பெயிண்ட் என்ற வரிசையில், மொத்தக் கனம் 250 முதல் 300 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வரை வர வேண்டும். இரண்டு கை எனாமல் அடித்தால் கிடைப்பது 60 மைக்ரான் அளவுதான். எப்பாக்சியை மேற்பூச்சாக விட்டுவிடாதீர்கள், அது வெயிலில் சுண்ணாம்புபோல் மாவாகிவிடும். கூர்மையான ஓரங்களிலும் வெல்டிங் வைத்த இடங்களிலும் பெயிண்ட் தானாகவே மெலிந்து நிற்கும் என்பதால், அங்கெல்லாம் முதலில் சிறிய பிரஷ்ஷால் ஒரு கை தனியாக இழுத்துவிட்டுப் பிறகு முழுப்பூச்சுக்குப் போங்கள். கடலோரத்தில் காலைப் பனி விலகி இரும்பு சூடேறிய பிறகு தொடங்கி, பிற்பகல் மூன்று மணிக்குள் முடித்துவிடுவது நல்லது.

கழிப்பறை ஆசிட் ஊற்றினால் துரு நொடியில் போய்விடுகிறதே, அதையே பயன்படுத்தலாமா? (திருப்பரங்குன்றம்)

கூடாது. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். எந்தக் குளோரைடை நீக்க இவ்வளவு பாடுபடுகிறோமோ, அதையே நீங்கள் கையால் ஊற்றுகிறீர்கள். அமிலம்தான் வேண்டும் என்றால் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியை வாங்கி, கையுறை போட்டுப் பயன்படுத்தி, பின்னர் நன்றாகக் கழுவுங்கள்.

சன்ஷேடுக்கு அடியில் மழையே படாத கிரில்லில்தான் துரு அதிகமாக இருக்கிறது. மழையில் நனையும் மொட்டைமாடிக் கைப்பிடி நன்றாக இருக்கிறது. இது எப்படி? (தொண்டியில் கடை வைத்திருக்கும் அம்மா)

மிகக் கூர்மையாகக் கவனித்திருக்கிறீர்கள் அம்மா. மழை இரும்பை நனைக்கிறது என்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள், அது உப்பைக் கழுவிக்கொண்டும் போகிறது. உங்கள் கைப்பிடியை வானம் கழுவிவிடுகிறது. சன்ஷேடுக்கு அடியில் உள்ள கிரில்லில் உப்பு மாதக்கணக்கில் சேர்ந்துகொண்டே இருக்கிறது, நிழலில் ஈரமும் மெதுவாகத்தான் காய்கிறது. கேட்டின் அடிப்பட்டை, படிக்கட்டின் அடிப்புறம், ஷட்டரின் மடிப்பு எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். மழை படாத இடங்களை மாதம் ஒருமுறையாவது நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

ஜிஐ பைப்பில் கேட் செய்தால் துருப்பிடிக்காது என்று பட்டறையில் சொல்கிறார்கள். உண்மையா? (மேலூர்)

ஜிஐ என்றால் துத்தநாகம் பூசிய இரும்பு. அது எந்த முறையில் பூசியது என்பதைப் பொறுத்தது. உருகிய துத்தநாகத் தொட்டியில், ஏறத்தாழ 450 பாகை செல்சியசில் முழுப் பொருளையும் முக்கி எடுப்பது ஒரு முறை. இந்தியத் தரப்படி, 5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் கனமுள்ள இரும்பில் அவ்வாறு ஏற வேண்டியது சதுர மீட்டருக்கு 610 கிராம், அதாவது சுமார் 85 மைக்ரான். மின்முலாம் பூசிய ஆணியிலும் போல்ட்டிலும் இருப்பது பெரும்பாலும் பத்து மைக்ரான் அளவே. கடுமையான கடலோரக் காற்றில் ஆண்டுக்கு 4 முதல் 8 மைக்ரான் வரை துத்தநாகம் கரையும் என்று கணக்கிடுங்கள். எது எத்தனை ஆண்டு தாங்கும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

கடையில் கிடைக்கும் மெல்லிய ஜிஐ சதுரக் குழாய்களில் துத்தநாகம் மெல்லியது. அதை வெட்டி வெல்டிங் வைக்கும்போது, வைத்த இடமெல்லாம் துத்தநாகம் எரிந்துபோகிறது. துரு சரியாக அங்கிருந்துதான் தொடங்கும். கேட்டை முழுதும் செய்து முடித்த பிறகு தொட்டியில் முக்கச் சொல்லுங்கள். மூடிய குழாய்களில் காற்றும் நீரும் வெளியேறத் துளை இட்டே அனுப்ப வேண்டும். துளை இல்லாத குழாய் அந்தச் சூட்டில் வெடித்து ஆளைக் கொல்லும். துத்தநாகத்தின்மேல் எனாமலை நேரடியாக அடிக்கக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எனாமலில் உள்ள எண்ணெய்ப்பசை துத்தநாகத்தோடு வினைபுரிந்து சோப்புபோல் ஆகி, பெயிண்ட் தோல் தோலாக உரியும். இடையில் அதற்குரிய எப்பாக்சி பிரைமர் வேண்டும்.

டெல்லி இரும்புத் தூண் 1600 ஆண்டுகளாகத் துருப்பிடிக்கவில்லை. நம் முன்னோர் அறிந்ததை இன்றைய இரும்பு ஆலைகள் மறைத்துவிட்டன என்பதே உண்மை. பெயிண்ட் வியாபாரத்துக்காகத்தான் இதெல்லாம். (உசிலம்பட்டி)

அந்தத் தூணைச் செய்தவர்களின் திறமையை நானும் மதிக்கிறேன். ஏழு மீட்டருக்கு மேல் உயரமும் ஆறு டன்னுக்கு மேல் எடையும் கொண்ட அதை, இரும்புக் கட்டிகளைக் காய்ச்சி அடித்து ஒட்டி உருவாக்கியது பெரும் சாதனை. அது தாங்கி நிற்பதன் காரணத்தைக் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியம் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அந்த இரும்பில் பாஸ்பரஸ் மிகுதி. ஈரமும் உலர்வும் மாறி மாறி வந்தபோது, அதுவே மேற்பரப்பில் பாஸ்பேட் அடங்கிய மெல்லிய காப்புப் படலமாக வளர்ந்துவிட்டது. டெல்லியின் உலர்ந்த காற்றும் அதற்குத் துணை. மண்ணுக்குள் இருக்கும் பகுதியில் துரு ஏறித்தான் இருக்கிறது.

கொத்தனார், கொல்லர் எல்லோரும் பழைய இரும்பு நல்லது என்றுதான் சொல்கிறார்கள். என் பாட்டியின் அரிவாள் இன்றும் பளபளக்கிறது. (சோழவந்தான்)

சோழவந்தான் நண்பருக்கு: அரிவாளைத் தினமும் தீட்டினால் பளபளக்கத்தான் செய்யும்.

ஐயா, கடலோரத்தில் இருந்த பழைய இரும்பு ஏதாவது உண்டா? (வாடிப்பட்டி)

வாடிப்பட்டி நண்பர் சரியான இடத்தைத் தொட்டார். ஒடிசாவின் கோனார்க் சூரியன் கோயில் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, கடலுக்கு அருகில் இருக்கிறது. அங்கிருந்த பெரிய இரும்பு உத்தரங்களும் நம்மவர் அடித்துச் செய்தவையே. அவை துருவேறிக் கிடக்கின்றன. ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு கிடைத்த இரும்புக் கருவிகளும் துருவேறியே வெளிவந்தன. முன்னோரை நாம் பெருமைப்படுத்த விரும்பினால், அவர்கள் எந்த இரும்பை எந்தக் காற்றில் வைத்தார்கள் என்று பார்ப்பதுதான் முறை.

அப்படியானால் இன்றைய இரும்பிலும் பாஸ்பரசைச் சேர்த்துவிடலாமே? (உசிலம்பட்டி, மீண்டும்)

நல்ல கேள்வி. பாஸ்பரஸ் கூடினால் இரும்பு குளிரில் நொறுங்கும் தன்மை பெறுகிறது, வெல்டிங்கிலும் விரிசல் விடும். ஆகவே பாலத்துக்கும் கட்டடத்துக்கும் அதைக் குறைத்தே வைக்கிறார்கள். செம்பும் குரோமியமும் சிறிதளவு சேர்த்து, தன் துருவையே காப்பாக ஆக்கிக்கொள்ளும் எஃகு இன்று உண்டு. ஆனால் உப்புக் காற்று ஓயாமல் படும் இடத்தில் அந்தக் காப்பும் இறுகுவதில்லை. உங்கள் கேட்டுக்கு அது வேண்டாம்.

தூணைப் பற்றி இன்னும் பல கடிதங்கள் இருக்கின்றன. புதிதாக எதுவும் இல்லாததால் அவற்றை இத்துடன் நிறுத்துகிறேன்.

புதிய பாம்பன் பாலத்துக்கு அடித்த பெயிண்டை வீட்டுக்கு வாங்கலாமா? (மண்டபம்)

1914இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குப் பாலிசிலாக்சேன் என்ற வகை மேற்பூச்சும், கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்த வகை மேற்பூச்சை நீங்களும் வாங்கலாம். ஆனால் பாலத்தில் அதன் அடியில் சுத்தம் செய்த எஃகும் துத்தநாகப் படலமும் இருக்கின்றன. உப்பைக் கழுவாத கிரில்லின்மேல் அதை அடித்தால் விலை உயர்ந்த பெயிண்ட் உரியும், அவ்வளவே. மண்டபத்தில் இருக்கும் உங்களுக்கு ஒன்று தெரிந்திருக்கலாம்: காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தார், உலோகங்களும் பூச்சுகளும் கடற்காற்றை எப்படித் தாங்குகின்றன என்று சோதிப்பது உங்கள் ஊரில்தான். அவ்வளவு கடுமையான காற்று அது.

துருவின் மேலேயே அடிக்கும் பெயிண்ட் நல்லதா? (பெத்தானியாபுரம்)
துருவைச் சுரண்டாமல் அடிக்க என்ன வழி? (ஆரப்பாளையம்)
எந்த பெயிண்ட் அடித்தால் துரு வரவே வராது? (பெயர் இல்லை)

மூவருக்கும் ஒரே பதில். இறுகப் பிடித்த மெல்லிய துருவை டானிக் அமிலம் கலந்த துரு மாற்றிகள் கருநிறப் படலமாக மாற்றும். உதிரும் துருவுக்கு அவை பயன்படா, உப்பை அவை நீக்கா. எந்தப் பெயிண்டும் கழுவும் வேலையைச் செய்யாது. முதல் கேள்விக்கு எழுதிய பதிலை முழுதும் படியுங்கள்.

எஸ்எஸ் கைப்பிடி போட்டோம், ஆறே மாதத்தில் பழுப்புப் புள்ளிகள். காந்தம் ஒட்டவில்லை, ஆகவே அசல்தான் என்றார்கள். (இராமேசுவரத்தில் விடுதி நடத்துபவர்)

காந்தம் ஒட்டாததை வைத்துத் தரத்தைச் சொல்ல முடியாது. எஸ்எஸ் என்ற துருப்பிடிக்காத எஃகில் 202, 304, 316 என்று வகைகள் உண்டு, மூன்றிலும் காந்தம் ஒட்டாமல் இருக்கக்கூடும். விலை குறைந்த 202 வகை கடலோரத்துக்கு ஏற்றதன்று. 304 வகையிலும் புள்ளி விழும். 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்த 316 வகையே அங்கு தகும், அதையும் கழுவி வைக்க வேண்டும். பில்லில் வகை எண்ணை எழுதி வாங்குங்கள். இப்போதுள்ள புள்ளிகளை இரும்புக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், இரும்புத் துகள் ஒட்டிப் புதிய துரு கிளம்பும்.

வீடு மதுரையில்தான், கடல் இல்லை. கேட்டின் அடி மட்டும் அரிக்கிறது. (ஊமச்சிகுளம்)

வாசல் தெளிப்பது போர்வெல் தண்ணீரிலா என்று பாருங்கள். உப்பு மிகுந்த அந்த நீர் தினமும் கேட்டின் அடியில் தெறித்துக் காய்கிறது. தெளிப்பதை நிறுத்த வேண்டியதில்லை, அடிப்பட்டையை நல்ல தண்ணீரில் ஒரு குவளை ஊற்றிக் கழுவிவிட்டால் போதும். குழாயின் அடியில் தண்ணீர் வடியத் துளை இல்லையென்றால் ஒன்று போடச் சொல்லுங்கள்.

கூரைக் கான்கிரீட்டில் கம்பி துருவேறிக் காரை விழுகிறது. காருக்கு அடியிலும் துரு. (வில்லாபுரம்)

கூரையைக் கட்டுமானப் பொறியாளர் நேரில் பார்க்க வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைக்கும் என்பதால் காரை இன்னும் விழும். கார் என் துறை அன்று.

தரையில் ஊன்றிய தூண் மண்மட்டத்தில் அற்றுப்போகிறது. தார் பூசலாமா? (தேவிபட்டினம்)

மண்ணுக்குள் போகும் பகுதிக்குப் பூசலாம். வெயிலில் வெடிக்கும் என்பதால் வெளியே வேண்டாம். தண்ணீர் தேங்குவதே அங்கு முதல் காரணம். தூணைச் சுற்றிய கான்கிரீட்டைத் தரைக்கு மேல் நான்கு விரற்கடை உயர்த்தி, நீர் வெளிப்புறம் வழிந்தோடும்படி சரிவாகத் தேய்த்துவிடுங்கள். இரும்பும் கான்கிரீட்டும் சேரும் கோட்டில் பாலியூரித்தேன் சீலன்ட் (இடைவெளியை அடைக்கும் பசை) வையுங்கள். அதற்கு முன்னால் அந்த இடத்தை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள்.