பாரிஸ் இத்தனை அழகாக இருப்பதற்கு அந்த ஊர்க்காரர்களின் ரசனைதான் காரணமா?

ரசனை எல்லா ஊரிலும் உண்டு. பாரிஸைத் தூக்கி நிறுத்தியது கல்லும் தண்ணீரும் சாக்கடையும், மீற முடியாத விதிகளும்தான். "அவர்கள் ரத்தத்திலேயே கலை ஊறியிருக்கிறது" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் ஆத்திரம் வருகிறது. அந்த நகரத்துக்காக உழைத்த பொறியாளர்களையும் துப்புரவுத் தொழிலாளர்களையும் ஒரே வரியில் துடைத்து எறிகிற பேச்சு அது.

நீங்கள் படங்களில் பார்த்து வியந்த பாரிஸ் அவ்வளவு பழையதும் அல்ல. நேர் வீதிகள், ஒரே உயரத்தில் நிற்கும் வெளிர்மஞ்சள் கட்டடங்கள் எல்லாம் பெரும்பாலும் 1853க்குப் பின் வந்தவை. அதற்கு முன் வெயில் நுழையாத சந்துகள்தான். 1832இல் காலரா 18,000 பேருக்கு மேல் கொண்டுபோனது. 1853இல் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் ஓஸ்மான் என்பவரைப் பாரிஸின் நிர்வாகியாக அமர்த்தினார். 1870 தொடக்கத்தில் பதவி பறிபோகும்வரை ஓஸ்மான் இடித்துத் தள்ளிய வீடுகள் ஏறத்தாழ 20,000.

உடனே "ஓஸ்மானுக்கு வக்காலத்தா?" என்று கிளம்பிவிட வேண்டாம். ஏழைகள் நகரின் ஓரத்துக்குத் துரத்தப்பட்டார்கள், செலவு 250 கோடி பிராங்கைத் தொட்டது, இரண்டையும் மறுக்கவில்லை. கையகப்படுத்திய நிலத்தில் சாலைக்குப் போக மிஞ்சியதைப் பழைய உரிமையாளர்களே திரும்பப் பெறலாம் என்று 1858இல் வழி திறந்துவிட்டார்கள். சாலையால் ஏறிய நிலமதிப்பு நகராட்சிக்கு வராமல் அவர்கள் பைக்குப் போனது. கடன் கைமீறியதற்கு அது பெரிய காரணம்.

இனி விதிகள். 1852 ஆணைப்படி வீட்டு முகப்பைப் பத்து ஆண்டுக்கு ஒருமுறையாவது சுத்தம் செய்தே ஆக வேண்டும். 1859 விதிப்படி, 20 மீட்டரோ அதற்கு மேலோ அகலமுள்ள வீதியில் முகப்புச் சுவரின் உயரம் 20 மீட்டரைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் கூரை 45 பாகைச் சாய்வுக்குள் அடங்க வேண்டும். துத்தநாகத் தகடு போர்த்திய அந்தச் சாய்ந்த கூரைகள் பிறந்த கணக்கு இதுதான். நீளப் பால்கனி இரண்டாம் மாடியிலும் ஐந்தாம் மாடியிலும் வரும். லிஃப்ட் இல்லாத காலம் என்பதால் பணக்காரர்கள் இரண்டாம் மாடியிலும், வேலைக்காரர்கள் கூரைக்கடியிலும் இருந்தார்கள். 1973இல் 210 மீட்டர் மோன்பர்னாஸ் கோபுரம் எழுந்து ஊரே கொதித்த பிறகு, 1977இல் உயர வரம்பு மறுபடி இறுகியது.

இத்தனைக்கும் மேல், தரைக்கடியில் இருப்பதுதான் என்னைப் பொறுத்தவரை உண்மையான பாரிஸ். பெல்கிரான் என்ற பொறியாளர் ஆள் நடக்கும் அளவுக்குப் பாதாளச் சாக்கடைகளைக் கட்டி, குடிநீர்க் குழாயையும் தெரு கழுவும் நீருக்கான தனிக் குழாயையும் அவற்றின் மேற்பகுதியிலேயே பொருத்தினார். தந்தி, தொலைபேசிக் கம்பிகளும் பின்னால் அதே வழியில் போயின. ஒவ்வொன்றுக்கும் சாலையைத் தோண்ட வேண்டியதில்லை. வெடிக்கும் என்பதால் எரிவாயுவுக்கு மட்டும் உள்ளே இடம் கொடுக்கவில்லை.

வாட்டம் குறைவான இடங்களில் மணல் படிந்து அடைத்துக்கொள்ளும். அதற்கு மதகு பொருத்திய வண்டி. மதகை இறக்கினால் பின்னால் நீர் ஏறும். அடியில் விட்ட திறப்பு வழியாகச் சீறிப் பாய்ந்து முன்னாலிருக்கும் மணலைத் தள்ளும். அதே அழுத்தம் வண்டியையும் நகர்த்தும். செய்ன் நதிக்கடியில் போகும் குழாய்களுக்குள் வண்டி போகாது. அங்கே குழாயின் விட்டத்தைவிடச் சற்றே சிறிய மர உருண்டையை விடுவார்கள். அது மிதந்து மேல்பக்கம் ஒட்டிக்கொள்ள, கீழே மிஞ்சிய இடுக்கில் நீர் வேகமெடுத்து அடிமண்ணை அரித்துக்கொண்டு போகும். மோட்டார் கிடையாது, எல்லாம் நீரின் வேலை. ஆனாலும் வீட்டுக் கழிவறைகளைச் சாக்கடையில் இணைத்தே ஆக வேண்டும் என்ற சட்டம் 1894இல்தான் வந்தது. ஓஸ்மானே அதை எதிர்த்தவர்.

செல்வாக்கு என்று பார்த்தால், 1867 பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு வந்து போன எகிப்தின் ஆட்சியாளர் இஸ்மாயில் பாஷா கெய்ரோவில் பாரிஸ் பாணி வீதிகளைப் போட்டார். நகரம் தழுவிய பாதாளச் சாக்கடை அங்கே 20ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸ் 1894இல் அதே பாணியில் மாயோ அவென்யூவைத் திறந்தது. முகப்பை நகலெடுப்பது எளிது, எல்லாரும் அங்கேதான் தொடங்கினார்கள்.

பாரிஸ் போவதாக இருந்தால், ஆல்மா பாலத்தருகே உள்ள சாக்கடை அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். அந்த உருண்டையை அங்கே பார்க்கலாம். காலையில் நடைபாதை ஓரத்துத் துளையிலிருந்து தண்ணீர் பெருகி ஓடினால் குழாய் உடைப்பு என்று நினைக்க வேண்டாம். தெருவைக் கழுவத் திறந்துவிடும் நீர் அது, குடிக்கக் கூடாது. எந்தப் பக்கம் ஓட வேண்டுமோ அதற்கேற்பத் துணியையோ கம்பளத் துண்டையோ சுருட்டி அணை கட்டியிருப்பார்கள். அதை மட்டும் காலால் தள்ளிவிடாதீர்கள்.