அசல் பெட்டியா, பரணில் கிடக்கும் பெட்டியா?

கேள்வி: 1990களின் நடுவில் அப்பா வாங்கித் தந்த டிவி கேமில் மாரியோவும் கான்ட்ராவும் ஆடி வளர்ந்தவன் நான். அவற்றை என் மகளுக்குக் காட்ட ஆசை. ஜப்பானிலிருந்து வந்த அசல் நின்டெண்டோ ஃபேமிகாம் என்று சொல்லி, 'டிராகன் குவெஸ்ட் 3' கேசட்டையும் சேர்த்து 14,000 ரூபாய்க்கு ஒருவர் இணையத்தில் விற்கிறார். வாங்கலாமா? எங்கள் பழைய பெட்டியும் மஞ்சள் கேசட்டுகளும் பரணில் கிடக்கின்றன. (வாசகர், திருநெல்வேலி)

பதில்: உங்கள் அப்பா வாங்கித் தந்தது பெரும்பாலும் நின்டெண்டோ தயாரித்த பெட்டியாக இருக்காது. 1983இல் ஜப்பானில் வெளியான ஃபேமிகாமைப் பார்த்து வேறு பலர் செய்த நகல்களே நம் ஊர்க் கடைகளில் டிவி கேம் என்ற பெயரில் விற்றன. ஆகவே 14,000 ரூபாய் கொடுத்தாலும் உங்கள் கைக்கு வரப்போவது நீங்கள் ஆடிய பெட்டி அன்று, அதற்கு மூலமான அசல் பெட்டி. அதுதான் வேண்டும் என்றால், பணம் அனுப்புவதற்கு முன் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் அடாப்டர். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட்; அந்த அடாப்டரை நம் 230 வோல்ட் பிளக்கில் செருகினால் புகைதான் வரும். அடுத்து, 1983ஆம் ஆண்டு மாதிரியில் ஆன்டெனா வழியாக மட்டுமே படம் வரும். அதுவும் ஜப்பானியச் சேனல்களுக்கும் என்டிஎஸ்சி என்ற அந்நாட்டு ஒளிபரப்பு முறைக்கும் ஏற்றபடி அமைந்திருப்பதால், நம் தொலைக்காட்சியில் கோடுகளைத் தவிர வேறொன்றையும் எதிர்பார்க்க முடியாது. மஞ்சள் வயரில் படம் தரும் ஏவி மாதிரி 1993இல்தான் வந்தது. விற்பவர் வைத்திருப்பது எந்த மாதிரி என்று கேளுங்கள். கேசட்டைச் செருகி ஆட்டம் ஓடுவதை ஒரே தொடர்ச்சியாக வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 'டிராகன் குவெஸ்ட் 3' 1988இல் வந்த கேசட். நாம் விட்ட இடத்தை நினைவில் வைத்திருக்க அதற்குள் ஒரு சிறு பேட்டரி இருக்கிறது. அது தீர்ந்திருந்தால் ஆட்டம் ஓடும், ஆனால் சேமித்தது நிற்காது. அதில் உரையாடல் முழுவதும் ஜப்பானிய மொழியில் என்பதை விற்பவர் சொன்னாரா?

சட்டத்தையும் யோசிக்க வேண்டும். தொழிலாக விற்கும் கடைக்காரர் ஏமாற்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம், 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். தன் வீட்டுப் பொருளை எப்போதோ ஒருமுறை விற்கும் தனிநபருக்கு 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் பொருந்தா என்பதால், அவரிடம் வாங்கும்போது பொருள் கைக்கு வந்து, ஓட்டிப் பார்த்த பிறகே பணம் தருவது நல்லது.

என்னைக் கேட்டால், முதலில் பரணில் ஏறுங்கள். மாரியோ அழிந்துவிடும் என்ற பயம் யாருக்கும் இல்லை. அதை நின்டெண்டோ இன்றும் விற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் '9999 இன் 1' என்று ஒட்டிய உங்கள் மஞ்சள் கேசட்டில், சில ஆட்டங்களையே வெவ்வேறு பெயரில், வெவ்வேறு கட்டத்தில் தொடங்கும்படி அடுக்கி, மேலே ஒரு படத்தையும் மெட்டையும் வைத்து யாரோ செய்த பட்டியல் திரை இருக்கிறதே, அதை மறுபடி வெளியிட எந்த நிறுவனமும் வரப்போவதில்லை. முறையாக வெளியான ஆட்டங்களின் கதியே அப்படித்தான்: 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியானவற்றில் 87 சதவீதம் இப்போது கடையில் கிடைப்பதில்லை என்று அங்குள்ள வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கிட்டது.

கேசட்டைப் பழைய பழக்கத்தில் ஊதாதீர்கள். அன்று ஆட்டம் வந்ததற்குக் காரணம் கழற்றி மறுபடி செருகியதுதான். எச்சில் ஈரம் செம்பு முனைகளை அரிக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் அந்த 60 முனைகளையும் துடைத்து, நன்றாகக் காய்ந்த பின் செருகுங்கள். பழைய அடாப்டரை மின்சாதனம் பழுதுபார்ப்பவரிடம் காட்டாமல் பிளக்கில் மாட்ட வேண்டாம். முறைப்படி வாங்கிய கணினி நிரலுக்கு (கேசட்டில் இருக்கும் ஆட்டமும் ஒரு நிரல்தான்) ஒரு பாதுகாப்புப் பிரதி எடுத்துக்கொள்ள நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. நகல் கேசட்டுகளுக்கு அந்த நிழல் கிடையாது. ஆகவே கேசட்டையே பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: நின்டெண்டோவின் இன்றைய விளையாட்டுக் கருவியான ஸ்விட்ச்சின் சந்தாவிலேயே பழைய மாரியோ கிடைக்கிறதே, அது போதாதா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: ஆடிப் பார்க்கப் போதும். ஆனால் அது வாடகை வீடு: சந்தா நின்றால் ஆட்டமும் நிற்கும், சந்தா இருந்தாலும் 7 நாளுக்கு ஒருமுறையாவது கருவியை இணையத்தில் இணைக்க வேண்டும்.