ஏழு மாதம் ஊரில் இருந்துவிட்டேன், அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாமா?

கிரீன் கார்டு வாங்கி நாலே முக்கால் வருஷம் ஆகிறது, நடுவில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஏழு மாதம் மதுரையில் இருந்தீர்கள் என்கிறீர்கள். விண்ணப்பிக்கலாம், ஆனால் தயாராகப் போங்கள்.

கார்டில் ‘ரெசிடென்ட் சின்ஸ்’ என்று ஒரு தேதி இருக்கும். அதிலிருந்து 5 வருடம் முடிய 90 நாள் இருக்கும்போதே என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பப் படிவத்தை அனுப்பலாம். ஒரு நாள் முந்தினாலும் நிராகரிப்பார்கள், அதனால் நாலு நாள் தள்ளியே அனுப்புங்கள்.

உங்கள் சிக்கல் அந்த ஏழு மாதம்தான். ஒரே பயணம் 6 மாதத்தைத் தாண்டினால், குடியுரிமைக்கு வேண்டிய தொடர் வசிப்பு, அதாவது அமெரிக்காவையே வீடாகக் கொண்டு விடாமல் வாழ்வது, அறுந்துவிட்டது என்றே அதிகாரி எடுத்துக்கொள்வார். அறவில்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. அமெரிக்க வேலையை விடவில்லையா, மனைவி, பிள்ளைகள் அங்கேயே இருந்தார்களா, வீட்டு வாடகை தொடர்ந்து போனதா, வரி கட்டினீர்களா? ஒவ்வொன்றுக்கும் காகிதம் வேண்டும். அம்மாவின் மருத்துவமனைச் சான்றையும் சேருங்கள்.

அப்புறம், 5 வருடத்தில் குறைந்தது 30 மாதம் அமெரிக்காவில் இருந்திருக்க வேண்டும். பாஸ்போர்ட்டைத் திறந்து, முத்திரை முத்திரையாகப் பார்த்து எல்லாப் பயணத் தேதிகளையும் எழுதுங்கள். பழைய பாஸ்போர்ட்டையும் மறக்காதீர்கள். அந்த ஒரு மாலை வேலையை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன்.

அந்தப் பயணம் ஒரு வருடத்தைத் தொட்டிருந்தால் கதை வேறு. அப்போது வக்கீலைப் பாருங்கள்.