நிறமூர்த்தக் கோளாறும் கலியாணப் பேச்சும்

அன்பின் ஐயாவுக்கு,

அப்பாவுக்கு வயது 67. கழுத்தில் வந்த கட்டியை எடுத்துச் சோதித்ததில் டிஃபியூஸ் லார்ஜ் பி செல் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். தெல்லிப்பழையில் கிளினிக். ஆர்-சொப் என்ற புற்றுநோய் மருந்துக் கலவை இரண்டு தரம் ஏற்றியாயிற்று. இப்போது கட்டியின் ஜீன்களைப் பார்க்கும் ஃபிஷ் சோதனையின் ரிப்போட் வந்திருக்கிறது. மிக், பிசிஎல்2, பிசிஎல்6 என்ற ஜீன்கள் எதிலும் முறிவு இல்லை, ஆனால் பிசிஎல்2 ஜீனின் மேலதிகப் பிரதிகள் உண்டு என்று எழுதியிருக்கிறது. கனடாவில் இருக்கும் பெரியப்பா மகன் அதைப் பார்த்துவிட்டு, "இது டபிள் ஹிட், சரியான மோசம்" என்கிறார். நிறமூர்த்தக் (குரோமோசோம்) கோளாறு என்றால் பரம்பரை வருத்தம் என்ற கதையும் கிளம்பிவிட்டது. தங்கைக்குப் பேசிவந்த மாப்பிள்ளை வீட்டாரிடமிருந்து இப்போது பேச்சில்லை. பிள்ளைகள் நாங்களும் ஏதும் ரெஸ்ட் செய்ய வேண்டுமா?

வாசகி, கொக்குவில்

அன்பின் பிள்ளைக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். அந்த ரிப்போட்டில் உள்ள மாற்றம் அப்பாவின் கட்டியில் இருந்த கலங்களுக்கு மட்டும் உரியது. அவருடைய தோலில் இல்லை, ஈரலில் இல்லை, உங்களுக்கு வந்து சேர்ந்த கலத்திலும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் டவுன் சின்ட்ரோம் படித்த ஞாபகத்தில், நிறமூர்த்தம் என்றதும் பிறவிக் குறை என்று நினைத்துவிடுகிறோம். அங்கே 21ஆம் நிறமூர்த்தம் பொதுவாக உடம்பின் எல்லாக் கலங்களிலும் மூன்றாக இருக்கும். லிம்போமாவில் நடப்பது வேறு. வளர்ந்த ஒரு மனிதரின் ஏதோ ஒரு பி கலத்தில், அதாவது நோயை எதிர்க்கும் ஒரு வெள்ளைக் கலத்தில், பிழை நேர்கிறது. அந்தக் கலம் பெருகிப் பெருகிக் கட்டியாகிறது.

ஏன் பி கலத்தில்? அதன் தொழிலே அப்படி. கிருமிகளைப் பிடிக்கும் விதவிதமான பிறபொருளெதிரிகளைச் (அன்டிபொடி) செய்வதற்காக அது தன் மரபுத் துண்டுகளைத் தானே வெட்டி ஒட்டிக்கொள்கிறது. அந்த வேலை பெரும்பாலும் 14ஆம் நிறமூர்த்தத்தில் நடக்கும். எப்போதாவது ஒட்டு மாறிப் போகும். 18இலிருந்து பிசிஎல்2 வந்து 14இல் ஒட்டினால் ஃபொலிக்குலர் லிம்போமாவுக்கு வழி. 11இலிருந்து சைக்ளின் டி1 என்ற ஜீன் வந்தால் மான்டில் செல் லிம்போமா. 8இலிருந்து மிக் வந்தால் பேர்கிட் லிம்போமா. உகண்டாவில் சிறுவர்களின் தாடையில் வந்த கட்டிகளைப் பற்றி டெனிஸ் பேர்கிட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1958இல் எழுதினாரே, அந்த நோய்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 14-18 ஒட்டு உள்ள சில கலங்கள், எந்த நோயுமில்லாத பலருடைய இரத்தத்திலும் அகப்படுகின்றன. அவர்களில் பெரும்பாலோருக்கு லிம்போமா வருவதே இல்லை. உங்கள் தங்கையைப் பற்றி யோசிக்கும் மாப்பிள்ளை வீட்டாரிலும் யாருக்காவது இருக்கலாம்.

சரி, மேலதிகப் பிரதி என்றால் என்ன? தோட்டத்துக்கு இறைக்கும் மிசினை நினைத்துக்கொள்ளுங்கள். இடம் மாறிய ஜீன், நிறுத்தவே முடியாதபடி சுவிட்ச் ஒட்டிக்கொண்ட மிசின். பிரதி கூடிய ஜீன், ஒரே கிணற்றில் இறக்கிய மூன்று நான்கு மிசின்கள்; ஒவ்வொன்றின் சுவிட்சும் சரியாகத்தான் இருக்கும், தண்ணீர்தான் கூட. பிரதிகள் பல மடங்கானால் அதைப் பெருக்கம் என்பார்கள்.

ஃபிஷ் சோதனையில் இது கண்ணுக்கே தெரியும். ஜீனின் ஒரு பக்கத்தில் சிவப்பும் மறுபக்கத்தில் பச்சையும் ஒளிரும் சாயத்தை ஒட்டவிடுவார்கள். இருட்டறையில் நுணுக்குக்காட்டியில் பார்த்தால், முறியாத ஜீனில் இரண்டும் சேர்ந்து மஞ்சள் பொட்டாகத் தெரியும். முறிந்தால் சிவப்பும் பச்சையும் விலகி நிற்கும். ஒவ்வொரு கலத்தின் கருவாக எண்ணிக்கொண்டே போக வேண்டும், பொறுமையைச் சோதிக்கும் வேலை. சாதாரண கலத்தில் மஞ்சள் இரண்டு. அப்பாவின் கலங்களில் அதைவிடக் கூட இருந்திருக்கிறது, ஆனால் ஒன்றும் விலகவில்லை.

ஆகவே கனடா அண்ணா சொன்னது பிழை. மிக், பிசிஎல்2 இரண்டும் முறிந்து இடம் மாறியிருந்தால்தான் டபிள் ஹிட். பிரதிகள் கூடியதை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. பிசிஎல்2 என்பது கலம் தானாகச் சாவதைத் தடுக்கும் ஜீன். அது கூடியிருப்பது நல்ல செய்தி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதை மட்டும் வைத்து ஆர்-சொப்பை மாற்றும் வழக்கமும் இல்லை.

உங்களிடம் மறைக்காமல் ஒன்று: லிம்போமா வந்தவரின் நெருங்கிய இரத்த உறவுகளுக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூட. ஆனால் நோயே அவ்வளவு பரவலானதல்ல, கொஞ்சம் கூடினாலும் சிறியதுதான். அதற்கென்று வீட்டாருக்கு வழமையான சோதனை எதுவும் இல்லை. யாருக்காவது வலியில்லாத கட்டி வாரக்கணக்கில் கரையாமல் இருந்தால் காட்டுங்கள். அது எந்தக் குடும்பத்துக்கும் பொருந்தும்.

ரிப்போட்டைப் படம் எடுத்து வாட்ஸப்பில் சுற்ற விடுவதை இத்தோடு நிறுத்துங்கள். அடுத்த கிளினிக்கில் டாக்டரிடம் இரண்டைக் கேளுங்கள்: அப்பாவின் கட்டி ஜேர்மினல் சென்டர் (நிணநீர்க் கணுவில் பி கலங்கள் பெருகும் இடம்) வகையா, மற்றதா? மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஸ்கேன் எப்போது? மாப்பிள்ளை வீட்டாருக்கு யாராவது பெரியவர் நேரில் போய்ச் சொல்வது நல்லது, ரிப்போட்டைக் காட்டத் தேவையில்லை.