மென்பொருள் அப்புறம், மடித்த தாள் முதலில்: மாணவர் இதழ் வடிவமைப்பு கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் மாணவர் இதழின் வடிவமைப்புப் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. ஏ4 அளவு, 16 பக்கம், நடுவில் பின் அடிப்பது. எந்த மென்பொருளை முதலில் கற்றுக்கொள்ள வேண்டும்?

பதில்: அதற்கு அவசரமே இல்லை. நான்கு வெற்றுத் தாள்களை அடுக்கி நடுவில் மடியுங்கள். 16 பக்க டம்மி (மாதிரி இதழ்) தயார். வரிசையாகப் பக்க எண்களை எழுதிவிட்டுத் தாள்களைப் பிரித்துப் பாருங்கள். மேல் தாளின் ஒரு புறத்தில் 16, 1. மறுபுறத்தில் 2, 15. எந்தச் சோடியைக் கூட்டினாலும் 17 வரும். பக்கங்கள் ஏன் நான்கின் மடங்காகவே இருக்கவேண்டும் என்பது அப்போதே புரிந்துவிடும். எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரே தாளாக வருவது 8–9 மட்டும்தான் என்பதும் தெரியும். இரு பக்கம் விரியும் படத்தை அங்கே வையுங்கள். வேறெங்கு வைத்தாலும் அது இரண்டு தாளில் பாதி பாதியாக அச்சாகும். மடிப்பு ஒரு மயிரிழை விலகினாலும் முகம் கோணிப்போகும்.

அடுத்து, ஒவ்வொரு எதிரெதிர்ப் பக்கத்துக்கும் தீப்பெட்டி அளவில் ஆறு பென்சில் வரைவுகள் போடுங்கள். தலைப்புக்கு ஒரு தடித்த கோடு, படத்துக்கு ஒரு பெட்டி போதும். முதல் இரண்டும் எங்கோ பார்த்ததாக இருக்கும். உருப்படியானது பெரும்பாலும் நான்காவதுக்குப் பிறகுதான் வரும். மென்பொருளைத் திறந்ததும் வார்ப்புருவைத் தேடுபவர்களுக்கு இந்த நான்காவது கிடைப்பதே இல்லை.

பிறகு மென்பொருள். இலவசமாக வேண்டுமென்றால் ஸ்கிரைபஸ் இருக்கிறது. 1.6 பதிப்பை எடுங்கள், பழைய 1.4-இல் தமிழ் எழுத்துகள் சரியாகக் கோக்கப்படாது.

கேள்வி: வேர்டு கோப்பாக வரும் கட்டுரைகளை இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டினால், சிலது ஆங்கில எழுத்துக் குப்பையாகிறது. சிலதில் கொம்பு இடம் மாறுகிறது. ஒழுங்காக வருவதிலும் வரிகளுக்குள் ஓட்டை ஓட்டையாகத் தெரிகிறது. என்ன செய்வது?

பதில்: மூன்றும் வெவ்வேறு நோய்; மருந்தும் வேறு வேறு.

குப்பையாவது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கட்டுரை. அந்த எழுத்துருவை எடுத்துவிட்டால் அடியிலிருக்கும் ஆங்கில எழுத்து பல்லிளிக்கும். யூனிகோடு மாற்றியில் போட்டு எடுங்கள். மாற்றிய பின் மேற்கோள் குறிகளையும் ‘ஔ’காரச் சொற்களையும் தேடிப் பாருங்கள். ‘கௌரவம்’ சத்தமில்லாமல் ‘கெளரவம்’ ஆகியிருக்கும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணிலும் தப்பிவிடும்.

கொம்புப் பிரச்சினைக்குக் காரணம் மென்பொருள் அமைப்பு. யூனிகோடில் ‘கெ’ என்பது முதலில் ‘க’, அதற்குப் பின் கொம்பு என்றே பதிவாகிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. இன்டிசைனின் பாரா அமைப்பில் ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். பக்கம் பக்கமாகச் செய்யாதீர்கள். கட்டுரையின் உடல் எழுத்துக்கான பாரா ஸ்டைலில் (எழுத்துரு, அளவு போன்றவற்றை ஒரே பெயரில் சேமித்து வைக்கும் அமைப்பு) ஒரே முறை செய்யுங்கள்.

ஓட்டைகளுக்குக் காரணம் பத்தி அகலம், அதாவது பக்கத்தைச் செங்குத்தாகப் பிரிக்கும் வரிசைகளின் அகலம். ஏ4-இல் இருபுறமும் 15 மி.மீ. ஓரம் விட்டு, 5 மி.மீ. இடைவெளியோடு மூன்று பத்தி போட்டால் ஒவ்வொன்றும் சுமார் 56.7 மி.மீ.தான் தேறும். ‘கலந்துகொண்டிருந்தவர்களுக்கும்’ என்ற ஒரு சொல்லே 11 புள்ளி (பாயின்ட்) அளவில் அந்த வரியின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அது அடுத்த வரிக்குத் தாவினால், விட்டுப்போன இடமெல்லாம் மிஞ்சிய ஓரிரு சொற்களுக்கு நடுவில் பிளவாக விழும். ஆங்கில இதழைப் பார்த்து மூன்று பத்தி வைப்பதில் வரும் வினை இது. இரண்டு பத்தியாக்கினால் 87.5 மி.மீ. கிடைக்கும். மூன்றுதான் வேண்டுமென்றால் வலது ஓரத்தை ஒழுங்குபடுத்தாமல் இடப்பக்கம் மட்டும் சீராக விடுங்கள். சொல்லை உடைக்கலாம், ஆனால் புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கக்கூடாது. ‘பக்–கம்’ சரி, ‘ப–க்கம்’ கூடாது.

வரி இடைவெளியையும் கூட்டுங்கள். மேல் வரியின் ‘ழு’ கீழே இறங்கும், கீழ் வரியின் ‘கீ’ மேலே ஏறும். 11 புள்ளி எழுத்துக்கு 13 கொடுத்தால் இரண்டும் உரசும். 15.5 அல்லது 16 கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: ஓர் இதழில் எத்தனை எழுத்துருக்கள் பயன்படுத்தலாம்?

பதில்: இரண்டு. மூன்றாவது வேண்டும் என்று தோன்றினால் முதலில் அளவையும் தடிமனையும் மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: கைபேசியில் பளிச்சென்று இருக்கும் படம் அச்சில் மங்குகிறதே?

பதில்: அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். அதனால் படத்தின் பிக்சல் அகலத்தை 300-ஆல் வகுங்கள். எத்தனை அங்குல அகலத்துக்கு அது தாங்கும் என்பது வந்துவிடும். 1600 பிக்சல் என்றால் 5.3 அங்குலம். வெட்டுக்கான மிச்சத்தோடு (இருபுறமும் 3 மி.மீ.) ஏ4 முழு அகலம் 8.5 அங்குலம், 2550 பிக்சல் வேண்டும். வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: இதழ்க் குழுவில் 12 மாணவர்கள். கணினி தெரிந்த ஒருவனே எல்லாப் பக்கத்தையும் செய்துவிடுகிறான். மற்றவர்களும் கற்க வழி உண்டா? (பொறுப்பாசிரியர் ஒருவர்)

பதில்: முதல் வாரம் இதழைத் தொடவே வேண்டாம். ஒரே கட்டுரை, ஒரே படம், ஒரே எழுத்துருவைப் பன்னிரண்டு பேருக்கும் கொடுத்து, ஆளுக்கொரு பக்கம் செய்யச் சொல்லுங்கள். கூடுதலாக ஒரு கட்டுப்பாடு: நிறம், கட்டம், அலங்காரம் எதுவும் கிடையாது, அளவையும் வெற்றிடத்தையும் மட்டுமே மாற்றலாம். இதில்தான் கை தேறும். கணினி இல்லாதவர்கள் வெட்டி ஒட்டட்டும். கையெழுத்து இதழ் நடத்தியவர்களுக்கு இது பழகிய வேலைதான்.

எல்லாவற்றையும் உண்மையான அளவில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, இரண்டு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். ‘நல்லாயிருக்கு’ என்ற சொல்லுக்கு அன்று தடை. கண் முதலில் எங்கே போகிறது? தலைப்பு தன் கட்டுரையோடு ஒட்டியிருக்கிறதா, மேலே இருக்கும் படத்தோடு ஒட்டியிருக்கிறதா? படக்குறிப்பு எந்தப் படத்துக்கு? பதில் அளவில் வரவேண்டும்: ‘தலைப்புக்குக் கீழே 12 மி.மீ., மேலே 6 மி.மீ.; மாற்றிப் போட்டால் சரியாகும்.’

பிறகு இருவருக்கு எதிரெதிர்ப் பக்கம் ஒன்று என்று பிரித்துக் கொடுங்கள். அந்தக் கணினிக்கார மாணவனிடம் பக்கத்தைத் தராதீர்கள். பொது ஸ்டைல்களைக் காக்கும் வேலையைக் கொடுங்கள். பிழை திருத்தி முடிக்காத கட்டுரை வடிவமைப்புக்கு வரக்கூடாது. பக்கம் முடிந்தபின் நுழையும் ஒரு பாரா, செய்தவரின் உழைப்பைக் குலைத்துவிடும்.

கேள்வி: 48 பக்க இதழில் நடுப்பக்கங்களில் மட்டும் பக்க எண் வெட்டுப்பட்டுவிட்டது. சிறிய கறுப்பு எழுத்துகளைச் சுற்றி நிறக்கசிவும் தெரிகிறது. அச்சகத்தின் தவறா?

பதில்: பெரும்பாலும் உங்கள் கோப்பின் தவறு. 12 தாளை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்தால் உள்தாள் வெளியே பிதுங்கும். தாள் 0.1 மி.மீ. கனம் என்றால் நடுத்தாள் 1 மி.மீ.க்கு மேல் தள்ளி நிற்கும். விளிம்பைச் சீராக்கும்போது அந்த அளவு நடுப்பக்கத்தில்தான் போகும். வெட்டுக்கத்தியும் சற்று நகரும். பக்க எண்ணை விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே வையுங்கள். விளிம்பு வரை போகும் படமோ நிறமோ 3 மி.மீ. வெளியே நீளவேண்டும்.

கசிவுக்குக் காரணம், வண்ண அச்சின் நான்கு மைகளையும் (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) கலந்து உண்டான கறுப்பு. வேர்டிலிருந்து வரும் எழுத்து திரைக்கான கறுப்பையும் கூடவே கொண்டுவரும். அது அச்சுக்கு மாறும்போது நான்கு மையாகப் பிரியும். ஒரு மை இம்மி விலகினாலும் எழுத்துக்கு நிழல் விழும். உடல் எழுத்துக்குக் கறுப்பு 100, மற்ற மூன்றும் 0 என்று ஸ்டைலிலேயே வையுங்கள். அச்சுக்கு அனுப்புமுன், மைகளைத் தனித்தனியாகக் காட்டும் பார்வையில் கறுப்பை மட்டும் அணைத்துவிட்டு 48 பக்கத்தையும் புரட்டுங்கள். அப்போதும் திரையில் மறையாமல் நிற்கும் கறுப்பு வரிகளைத்தான் திருத்தவேண்டும்.